இருட்டறையில் இரண்டு மாணவிகள்

மேற்றன் கூப்பிடுகிறார் என்று அற்றெண்டன் வந்து சொன்னபோது, என்ன பிழை விட்டேன் என்றுதான் முதலில் யோசித்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி கேட்பதற்காக மேற்றனின் அறைக்கு யாரும் போனதில்லை. கையைக் கழுவி, தொப்பியை நேராக்கிக்கொண்டு படியேறினேன். ஏறும்போதே முந்தின நாள் கொடுத்த மருந்துகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதிலும் பிழை இருந்ததாகத் தெரியவில்லை. அது பயத்தை இன்னும் கூட்டியது.

தாதிமார் எல்லாருக்கும் தலைவியான மேற்றன் யாழ்ப்பாணத்துக்காரி. கதிரையில் முதுகு சாயாமல் இருப்பார். என்னை இருக்கச் சொல்லவில்லை.

"வாற கிழமை ரெண்டு பிள்ளைகள் வருகினம். நேர்ஸிங் படிக்கிற பிள்ளைகள். உம்மட வாட்டில விடப் போறன். நீர்தான் அவையைப் பார்க்க வேணும்."

"நானோ? நான் ஆருக்கும் படிப்பிச்சதில்லை, மேடம்."

"படிப்பிக்கிறது பாடசாலையில நடக்குது. இஞ்ச நீர் செய்யிறதை அவை நிண்டு பார்க்கட்டும். பிறகு அவை செய்ய, நீர் பக்கத்தில நிண்டு பாரும். அவ்வளவுதான்."

முதல் பாதி எனக்கு விளங்கியது. அவர்கள் செய்ய நான் பக்கத்தில் நின்று பார்ப்பது என்றால் என்ன என்று விளங்கவில்லை. கேட்கவும் துணிவில்லை. "ஓம் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு இறாத்தல் பாண் வாங்க விடியக் காலையிலேயே வரிசை நிற்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பஞ்சுக்கும் துணிக்கட்டுக்கும் தட்டுப்பாடு. கண்ணாடிச் சிரிஞ்சுகளை அவித்து அவித்துத் திரும்பப் பாவித்தோம். நானும் கணவரும் திருகோணமலையில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டில் இருந்தோம். அவர் துறைமுகத்தில் எழுதுவினைஞர். நான் பத்து வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்திருந்தேன்.

அத்தனை வருடம் வேலை செய்தவளுக்கு என்ன பயம் என்று கேட்கலாம். என் கைகளுக்கு வேலை தெரியும், வாய்க்குத் தெரியாது. ஊசியை எங்கே போடுவது என்று கேட்டால் போட்டுக் காட்டுவேன். ஏன் அந்த இடத்தில் என்று கேட்டால், இருபது வயதில் எனக்கு யாரோ சொல்லித் தந்ததைத் தேடிப் பிடிக்க வேண்டும். அன்று பின்னேரம் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த என் பழைய பாடப்புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். பல பக்கங்களைப் பூச்சி தின்றிருந்தது. குசினி மேசையில் வைத்து வாசிக்கத் தொடங்கினேன்.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, சோதனையோ?"

"அதைவிட மோசம். படிக்கிற பிள்ளைகள் வருகினம்."

"வந்தால் என்ன?"

"நான் ஏதும் பிழையாச் சொல்லிக் குடுத்து, அதை அவை வேற எங்கையாவது போய்ச் செய்து, ஒரு ஆள் செத்துப் போனால்?"

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் இருந்தார். "இஞ்சாரும், உமக்கு அவையில பயம். அவைக்கு உம்மில பயம். ரெண்டும் சரியாப் போயிடும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்தவர்களில் ஒருத்தி குச்சவெளிப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். காற்றுக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுக்கு. மெதுவாகப் பேசுகிறேன் என்று அவள் பேசுவது வாட்டின் அடுத்த வாசலுக்குக் கேட்கும். வந்த முதல் நாளே மருந்துத் தட்டைச் சீமெந்து நிலத்தில் விழுத்தினாள். படுத்திருந்த நோயாளர் எல்லாரும் எழும்பி உட்கார்ந்தார்கள். மற்றவள் ஈச்சிலம்பற்றுப் பிள்ளை. வயல்காரக் குடும்பம். நடந்தால் சத்தம் இராது. கேட்டால் மட்டும் பதில் சொல்வாள், அந்தப் பதில் எப்போதும் சரியாக இருக்கும். மனதுக்குள் அப்போதே தீர்மானித்துவிட்டேன்: இவள் நல்ல தாதியாக வருவாள், தட்டை விழுத்தினவளைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு கிழமை நான் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. ஒருத்தி துணிக்கட்டு அவிழ்க்கும்போது மற்றவள் என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பேன். அதற்குள் முதலாமவள் எதையாவது தொட்டிருப்பாள். கழுத்து வலித்தது. அவர்கள் கொஞ்சம் தயங்கினாலும் என் கை முந்திக்கொண்டு போய் வேலையை முடித்துவிடும். நான் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்துச் சொன்னவள் குச்சவெளிப் பிள்ளைதான். தாதியை எங்கள் பக்கத்தில் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸி, கோவிக்கக் கூடாது. நாங்கள் வந்து இவ்வளவு நாளாச்சு. ஒரு கட்டும் நாங்கள் முடிச்சுக் கட்டேல்லை. முடிச்சுப் போடுற நேரம் நீங்கள் வாங்கிப் போடுறீங்கள்."

வாட்டில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அது கேட்டிருக்கும். எனக்கு முகம் சுட்டது. "நோயாளிக்கு நோகக் கூடாது எண்டுதான்" என்றேன்.

"ஓம் மிஸி. ஆனா எங்களுக்கு எப்ப பழகும்?"

அடுத்த நாளிலிருந்து அவர்கள் வேலை செய்யும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றேன். விரல்கள் ஒன்றையொன்று நெரித்து, சில வேளை நகம் பதிந்த தடம் கூட இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் இலங்கைத்துறையிலிருந்து அந்த மனிதரைக் கொண்டுவந்தார்கள்.

முப்பது வயதிருக்கும். கடற்றொழில் செய்பவர். கரையில் தோணி தள்ளும்போது காலில் ஒரு துருப்பிடித்த ஆணி ஏறியிருக்கிறது. பிடுங்கி எறிந்துவிட்டுத் தொழிலுக்குப் போயிருக்கிறார். சில நாள் கழித்து வாய் திறக்க முடியவில்லை. பல்வலி என்று நினைத்தார்களாம். பிறகு கழுத்து விறைத்தது, முதுகு வில் மாதிரி வளைந்தது. மாட்டு வண்டியிலும் லோஞ்ச் படகிலுமாக வந்து சேர்ந்தபோது அவருடைய மனைவி அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். டொக்டர் பார்த்ததும் சொன்னார், ஏற்புவலி, டெற்றனஸ் என்று.

ஏற்புவலி வந்த ஒருவரைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நோயாளிக்கு நினைவு தப்பாது. எல்லாம் தெரியும், எல்லாம் நோகும். சின்னச் சத்தம், வெளிச்சம், ஒரு கை பட்டால் கூடப் போதும், உடம்பு முழுவதும் ஒரே இறுக்காக இறுகும். அந்த இறுக்கம் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் வந்தால் மூச்சு நின்றுவிடும். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது ஏற்புக்கான மருந்தும், வலிப்பை அடக்கும் ஊசிகளும், காலால் மிதித்துச் சளி உறிஞ்சும் ஒரு கருவியும், ஒரு இருட்டறையும்தான். மிச்சத்தை இரவு பகலாகப் பக்கத்தில் இருந்து பார்க்கும் ஆள்தான் செய்ய வேண்டும். வந்தவர்களில் தப்பியவர்கள் குறைவு.

வாட்டின் கடைசியில் இருந்த பக்க அறையின் யன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்டோம். கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். துறைமுகத்தில் கப்பல் ஊதுவதை மட்டும் எங்களால் நிறுத்த ஏலாது. ஒவ்வொரு முறையும் அது ஊதும்போது அந்தக் கட்டிலில் ஒரு உடம்பு வளைந்து எழும்பியது.

மேற்றன் வந்து பார்த்தார். "ஆள் காணாது. உம்மட பிள்ளைகளையும் முறைக்கு விடும்" என்றார்.

"அவை படிக்கிற பிள்ளைகள், மேடம்."

"அதுக்குத்தானே வந்தவை?"

யாரை விடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. சத்தமில்லாதவளைத்தான் விட்டேன். ஈச்சிலம்பற்றுப் பிள்ளை கட்டிலடியில் ஒரு நிழலைப் போல் இருந்தாள். மூக்குக் குழாயால் பால் விடுவதும் சளி எடுப்பதும் நாடி பார்ப்பதும் எல்லாம் அவளுக்கு ஒழுங்காக வந்தது. மற்றவளை அந்த வாசலுக்கே கிட்ட வர விடவில்லை.

நான் கணக்கில் எடுக்காத ஒரு விஷயம் இருந்தது. அந்த மனிதரின் ஊர் ஈச்சிலம்பற்றுக்குக் கிட்ட. வெளி விறாந்தையில் பாய் விரித்துக் கிடந்த மனைவி, இவள் தன்னுடைய ஊர்ப் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் இவளைப் பிடித்துக்கொண்டாள். இவள் அறையை விட்டு வெளியே வரும் நேரமெல்லாம் கையைப் பிடித்து ஏதோ கேட்பாள். ஊர்க் கதை பேசுகிறார்கள் என்று நான் நினைத்தேன். நல்லதுதான், அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

ஒரு காலை அவள் துணி வைக்கும் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

"என்ன பிள்ளை?"

"எனக்கு ஏலாது மிஸி. அந்த அறைக்குள்ள இனிப் போக ஏலாது."

"என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை மிஸி. ஏலாது."

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் வரவில்லை. முகத்தைக் கழுவச் சொல்லிப் பெண்கள் வாட்டுக்கு அனுப்பினேன். இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்று யோசித்தேன். முறை மாற ஆளில்லை. மற்றத் தாதிமார் இரண்டு முறையைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது தட்டு விழுத்திய பிள்ளைதான்.

அவளைக் கூப்பிட்டேன். "அந்த அறைக்கு உம்மை விடப்போறன்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, "நான் தட்டை விழுத்தினால்?" என்று கேட்டாள்.

என் மனதில் இருந்ததும் அதுதான். "விழுத்தக் கூடாது" என்றேன். எவ்வளவு பிரயோசனமில்லாத பதில் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவளைத் துணி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். யன்னலைச் சாத்தி இருட்டாக்கினேன். எனாமல் தட்டுக்கு அடியில் துணி மடித்து வைக்க, கருவிகளை ஒன்றோடொன்று முட்டாமல் பிரித்து வைக்க, கண் தெரியாத இடத்தில் முதலில் காலால் நிலத்தைத் தடவி அடியெடுக்கப் பழக்கினேன். காதுக்குக் கிட்ட வந்து மூச்சால் பேசச் சொன்னேன். அவள் பேசியது எனக்கே கேட்கவில்லை. இவளுக்கு இப்படியும் பேச வருமா என்று ஆச்சரியப்பட்டேன்.

பழக்கும்போதுதான் எனக்கும் சில விஷயங்கள் சொல்ல வந்தன. மூச்சு நின்றால் முதலில் எதைச் செய்வது என்று கேட்டாள். தலையைப் பக்கவாட்டில் திருப்பு, வாயைத் துப்புரவாக்கு, பிறகு ஒட்சிசன், பிறகு ஊசி என்று என் வாய் தானாகச் சொன்னது. "ஏன் முதலில் ஊசி இல்லை?" என்றாள். சளி அடைத்திருக்கும்போது ஒட்சிசன் எப்படிப் போகும், ஊசி வேலை செய்யும் வரைக்கும் மூச்சு எங்கே காத்திருக்கும் என்றேன். பூச்சி தின்ற புத்தகத்தில் அது இருந்ததோ தெரியாது.

அவள் அறைக்குள் இருந்த முதல் நாட்களில் நான் வாட்டில் செய்த வேலை எதுவும் மனதில் இல்லை. காது மட்டும் அந்தக் கதவிலேயே இருந்தது. ஒரு வாளி உருண்டாலும் கையில் இருந்ததை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் கணவர் பேசுவதை நான் கேட்கவில்லை என்று அவருக்கு மனத்தாங்கல். "நீர் வீட்டுக்கு வந்தும் ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறீர்" என்றார். உண்மைதான்.

அதற்கிடையில் எங்கள் கோயில் திருநாள் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி எங்கள் தேவாலயம். திருநாளுக்குச் சுருவச் சிலை தெருவைச் சுற்றி வரும்போது வெடி கொளுத்துவார்கள், அதுவும் சாதாரண வெடியல்ல. அது அந்தக் கட்டில் வரைக்கும் கேட்கும். பாதரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஊர் முழுக்கக் காத்திருக்கும் திருநாள். கோயில் சபையில் என் கணவரின் ஆட்கள். ஒரு நோயாளிக்காக வெடியை நிறுத்தச் சொல்ல நான் யார்? நாளைக்குக் கேட்பேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் குச்சவெளிப் பிள்ளையைக் காணவில்லை. அவளுடைய முறை முடிந்து வேறு தாதி அறைக்குள் இருந்தாள், ஆனாலும் கேட்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே போவது பெரிய குற்றம். மேற்றன் அறிந்தால் அவளுக்கும் படிப்பில்லை, எனக்கும் மரியாதையில்லை. விறாந்தையில் மேலும் கீழும் நடந்தேன். கடைசியில் படலையைத் திறந்துகொண்டு வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"எங்க போனனீர்?"

"கோயிலுக்கு மிஸி."

"எந்தக் கோயிலுக்கு?"

"உங்கட கோயிலுக்கு. பாதரைப் பார்க்க. நாளைக்கு வெடி போடக் கூடாது எண்டு சொல்லப் போனனான்."

நான் அவளை விறாந்தை ஓரத்துக்கு இழுத்தேன். "கேக்காமல் போனனீரே! ஆர் உம்மைப் போகச் சொன்னது? என்ன சொன்னனீர் அவருக்கு?"

"உள்ளதைச் சொன்னனான். ஒரு வெடி வெடிச்சால் அந்த ஆள் செத்துப் போவார் எண்டு சொன்னனான். பாதர் கோவிக்கேல்லை மிஸி. இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தவர்."

ஏசினேன். நன்றாகத்தான் ஏசினேன். இனி இப்படிச் செய்தால் மேற்றனிடம் நானே சொல்வேன் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். ஏசி முடிந்ததும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். பல நாளாக என்னால் செய்ய முடியாததைச் சைவப் பிள்ளை ஒருத்தி ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டு வந்திருக்கிறாள். ஏச்சு அவளுக்கா எனக்கா என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் சுருவம் தெருவால் வந்தது. பாட்டுச் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. வெடியெல்லாம் தூரத்தில் கடற்கரையில் போட்டார்கள். பூசைக்குப் போனபோது பாதர் என்னைக் கண்டு நின்றார். "உங்கட வாட்டுப் பிள்ளை வந்தது. வந்த உடன கையெடுத்துக் கும்பிட்டுது, பிறகு எனக்குக் கட்டளை போட்டுது. அந்தச் சத்தத்தில குசினிக்குள்ள நிண்ட ஆளும் வெளியில வந்திட்டார்" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எல்லாரும் வெடிக்குப் பயந்தோம். மூச்சு நின்றது ஒரு சத்தமும் இல்லாத பின்னேரத்தில்.

திருநாள் முடிந்து கொஞ்ச நாள். கப்பல் எதுவும் ஊதவில்லை, காற்றும் இல்லை. வாட்டில் மருந்து கொடுத்துக்கொண்டு வந்த நான், ஏனென்று தெரியாது, அந்தக் கதவடியில் நின்றேன். உள்ளே கட்டில் கம்பி அதிரும் ஓசை கேட்டது. அது வழமையான இறுக்கம்தான், ஆனால் விடவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே கதவைத் திறந்தேன்.

கதவிடுக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அவர் முகம் கறுத்து நீலம் பாரித்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. வாயோரத்தில் நுரை. குச்சவெளிப் பிள்ளை கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவர் தலையைத் தன் பக்கம் திருப்பி, பல்லிடுக்கில் துணி சுற்றிய கட்டையை வைத்து, உறிஞ்சியை ஒரு காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். நான் ஓரடி வைத்தேன். என் கைகள் முன்னுக்கு நீண்டுவிட்டன. அந்தக் குழாயைப் பறித்து நானே செய்திருப்பேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள். நில்லுங்கள் என்று.

நான் நின்றேன். ஒரு மாணவி காட்டிய கைக்கு ஏன் நின்றேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சின்ன அறையில் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய் நான் குழாயை வாங்கும் நேரத்துக்குள் அவள் கையில் இருந்த வேலையை முடித்துவிடுவாள். அது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அல்லது பயத்தில் விறைத்துப் போயிருப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம்.

குழாயில் கட்டியாகச் சளி வந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். அவள் முகமூடியை எடுத்து மூக்கில் வைத்து, ஒட்சிசன் திருகாணியைத் திறந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அவள் அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் நெஞ்சு ஒரு முறை விக்கியது, பிறகு காற்றை இழுத்தது. அந்தச் சத்தம், கிழிந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம், அதை நான் மறக்கவில்லை.

அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஊசி, மிஸி" என்று மூச்சால் சொன்னாள். நான் ஊசியை எடுத்து வந்து கொடுத்தேன். அவள்தான் போட்டாள்.

டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு துணி அறைக்குள் போய் ஒரு மூட்டையின் மேல் இருந்தேன். அவள் அங்கே வந்து நிலத்தில் குந்தி, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில், "உங்களுக்குக் கையைக் காட்டிப்போட்டன் மிஸி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.

"அவற்ற காதில என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை மிஸி. 'அண்ணை, இழுங்கோ' எண்டு சொன்னனான் போல."

அவர் தப்பினார். அப்படி ஒரே நாளில் அல்ல. இறுக்கங்களுக்கு இடையில் இருந்த நேரம் நீண்டுகொண்டு வந்தது. ஒரு நாள் வாய் ஒரு விரலளவு திறந்தது. பிறகு மூக்குக் குழாயை எடுத்து, கரண்டியால் கஞ்சி கொடுத்தோம். கம்பளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினோம். வெளிச்சத்தில் பார்த்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார், தாடி வளர்ந்திருந்தது. அவரைப் பொது வாட்டுக்கு மாற்றிய அன்று விறாந்தையில் குச்சவெளிப் பிள்ளை யாரையோ கூப்பிட்டாள். அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்து, "ஆர் மிஸி அது, இப்பிடிக் கத்துறது?" என்று கேட்டார்.

"உங்களை இவ்வளவு நாளும் பார்த்த பிள்ளைதான்."

அவர் நம்பவில்லை. அந்த அறையில் தன்னோடு இருந்தவளின் குரல் அதுவல்ல என்று சாதித்தார். அவளைக் கூப்பிட்டு அவர் காதடியில் பேசச் சொன்னோம். அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டார். அவருடைய மனைவி சிரித்ததை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன்.

மாணவிகள் போகும் காலம் கிட்ட வந்ததும் மேற்றன் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை இருக்கச் சொன்னார்.

"குச்சவெளிப் பிள்ளையைப் பற்றிக் கேக்கேல்லை. மற்றப் பிள்ளை, அது தாங்குமோ? அறைக்குள்ள போகாமல் விட்டதெண்டு கேள்விப்பட்டன். தாங்காட்டில் இப்பவே சொல்லும். பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை."

ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கையையும் என் ஒரு வார்த்தையில் வைத்துவிட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழும்பினேன்.

அன்று பின்னேரம் அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "மேற்றன் கேக்கிறா. உண்மையைச் சொல்லும். அண்டைக்கு என்ன பயம்?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "பயம் இல்லை மிஸி. அந்த அக்கா ஒவ்வொரு நாளும் கேப்பா, தப்புவாரோ எண்டு. ஒருநாள் ஏலாமல், தப்புவார் அக்கா எண்டு சொல்லிப்போட்டன். அவ உடன போய்ப் பிள்ளையாருக்கு நேர்ந்துபோட்டு வந்தா. பிறகு உள்ள போய் அவற்ற முகத்தைப் பார்க்க ஏலாமல் போச்சு. அவர் செத்தால் நான் பொய் சொன்னதெண்டுதானே வரும்."

கட்டுப் போட, ஊசி போட, இருட்டில் நடக்கக் காட்டிக் கொடுத்தேன். விறாந்தையில் பாய் விரித்துக் கிடந்த பெண்ணுக்கு என்ன சொல்வது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"அப்ப நான் என்ன சொல்லியிருக்க வேணும் மிஸி?"

"எங்களால ஏலுமானதெல்லாம் செய்யிறம் எண்டு சொல்லியிருக்கலாம்."

"அது அந்த அக்காவுக்குக் காணுமோ?"

யோசித்தேன். "காணாது" என்றேன்.

அடுத்த நாள் மேற்றனிடம், தாங்கும் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அது சரியா பிழையா என்ற யோசனை எனக்குக் கன காலம் இருந்தது. இரண்டு பேரும் போன பிறகு வேறு மாணவிகள் வந்தார்கள், ஒவ்வொரு வருடமும் வந்தார்கள். புதியவர்கள் வருவதற்கு முந்தின நாள் பழைய பாடப்புத்தகம் மறுபடி குசினி மேசைக்கு வரும். கணவர் அதை வைத்தே, நாளைக்குப் பிள்ளைகளோ என்று கேட்பார்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மழை நாளில் ஈச்சிலம்பற்றுக்குக் கிட்ட வெருகல் பக்கத்திலிருந்து ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்கு மூச்சு வாங்கியது. அங்கே ஊர் ஆஸ்பத்திரியில் காட்டவில்லையா என்று கேட்டேன்.

"காட்டினனாங்கள் மிஸி. அங்க இருக்கிற மிஸிதான் அனுப்பினவ. பிள்ளைக்குக் கடுமை, தப்பும் தப்பாது எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது, இஞ்ச வைச்சுப் பார்க்க ஏலாது, கெதியாப் போங்கோ எண்டு சொன்னவ. லோஞ்ச் ஏறுமட்டும் எங்களோட வந்தவ."

"எப்படி இருப்பா அந்த மிஸி?"

"கனக்கக் கதைக்க மாட்டா" என்றாள் அந்தத் தாய்.

மேலும் கேட்க ஆசையாக இருந்தது. நேரமில்லை. குழந்தையின் விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. அதைக் கட்டிலில் கிடத்தி, என் பின்னால் நின்ற புது மாணவியிடம் ஒட்சிசன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவள் ஓடினாள்.